எட்டாவது வாசல்

தாராவியில் ஒரு சந்தில் எத்தனை வீடு என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். யார் சொல்வதும் தப்பில்லை. கீழே ஓர் அறை, அதன்மேல் இன்னோர் அறை, மேலே ஏறிப் போக வெளிச்சுவரில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. கீழே ஒரு குடும்பம், மேலே வேறொரு குடும்பம். சில இடங்களில் கீழே தையல் பட்டறை, மேலே அதில் வேலை பார்ப்பவர்கள் படுக்கும் இடம். இன்னும் சில இடங்களில் பட்டறைக்குள்ளேயே ஒரு மூலையில் ஸ்டவ், மறு மூலையில் குழந்தைக்குத் தூளி. எது வீடு, எது பட்டறை என்பதை அங்கே வளர்ந்தவர்களைக் கேட்டால்தான் சரியாகச் சொல்வார்கள். நான் அங்கே பிறந்து வளர்ந்தவள். அதனால்தான் அந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

பெரிய நோய் வந்த முதல் வருடத்து மழைக்காலம் அது. கல்யாணமாகி நான் செம்பூருக்குப் போய்ப் பதினேழு வருடம் ஆகியிருந்தது. அங்கே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் வெறும் வயிற்றோடு வந்து உட்காருகிறவர்களிடம் ரத்தம் எடுப்பதுதான் என் தொழில். நரம்பே கிடைக்கவில்லை என்று கூட வேலை செய்கிறவர்கள் கைவிட்ட ஆட்களை என்னிடம் அனுப்புவார்கள். நான் கண்ணை நம்ப மாட்டேன். விரலால் தடவிப் பார்த்து, அது லேசாகத் துள்ளும் இடத்தில் ஊசியை இறக்குவேன். ஒரே குத்துதான். இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். பெருமைப்பட்டுக்கொள்ள என்னிடம் வேறு அதிகமாக ஒன்றும் கிடையாது.

ஊரில் எத்தனை பேருக்கு நோய் வந்து போயிருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை எண்ணிவிடலாம். இரண்டு நாள் காய்ச்சல் என்று படுத்து எழுந்தவர்களையும், படுக்கக்கூட இல்லாதவர்களையும் எப்படி எண்ணுவது? கிருமி ஒருவர் உடம்புக்குள் வந்து போனால், அதை எதிர்க்க உடம்பு தயார் செய்த பொருள் கொஞ்ச காலத்துக்கு ரத்தத்தில் இருக்கும். ஆன்டிபாடி என்பார்கள். அது இருந்தால் வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். ஊரில் உள்ள எல்லாரிடமும் ரத்தம் எடுக்க முடியாது. கொஞ்சம் பேரிடம் எடுத்து, அதைக் கொண்டு மொத்த ஊரையும் மதிப்பிடுவார்கள். பயிற்சி கொடுத்த டாக்டர், “குழம்பில் உப்புப் பார்க்க ஒரு சொட்டு போதும். ஆனால் அடிவரைக்கும் கலக்கிவிட்டு எடுக்க வேண்டும்” என்று இந்தியில் சொன்னார். அணுசக்தி நகரில் குடியிருந்த மராட்டிக்காரப் பெண்மணி. என்னைவிட வயதில் சின்னவர், குரலும் சின்னது. விதிமுறை என்று வந்துவிட்டால் மட்டும் இம்மி அசைய மாட்டார்.

கலக்குவதற்கு இருந்த விதி இதுதான். சந்தில் எந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது என்பதை ஆபீசில் கம்ப்யூட்டர் சொல்லிவிடும். அங்கிருந்து இடது கைப்பக்கமாக ஒவ்வொரு எட்டாவது வாசலையும் தட்ட வேண்டும். பட்டறையை எண்ணக் கூடாது, ஆள் குடியிருக்கும் வாசலை மட்டும் எண்ண வேண்டும். அந்த வீட்டில் வயது வந்தவர்களில் அடுத்த பிறந்த நாள் யாருக்கு வருகிறதோ அவர்தான் கை நீட்ட வேண்டும். ‘அவருக்குப் பயம், என்னிடம் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று இன்னொருவர் முன்னால் வந்தால் எடுக்கக் கூடாது. நமக்குத் தோதான ஆளை நாமே பொறுக்கினால் கணக்குக் கெட்டுப்போகும்.

பிறந்த நாள் விதி முதல் நாளே படுத்துவிட்டது. தாராவியில் பாதிப் பேர் ஜூன் முதல் தேதி பிறந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய தேதி அது. ஒரு வீட்டில் அப்பா, சித்தப்பா, இரண்டு பிள்ளைகள் எல்லாருமே ஜூன் ஒன்று. டாக்டர் அந்த வீட்டு ஆதார் கார்டுகளை வரிசையாகப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். என் கார்டிலும் ஜூன் ஒன்றுதான் என்றேன். அதன் பிறகு பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்தோம்.

மாட்டுங்காவில் தொல்லை வேறு மாதிரி. அங்கே வாசலை எண்ணுவதில் சிரமமே இல்லை, ஒவ்வொரு கதவிலும் பித்தளையில் பெயர் இருக்கும். கதவுதான் திறக்காது. ஒரு மாமி சங்கிலியை எடுக்காமலேயே, “எங்களுக்கு எப்படிம்மா வந்திருக்கும்? மார்ச்சிலேர்ந்து நாங்க ஆத்தைவிட்டு இறங்கவே இல்லையே. அங்கெல்லாம் போய் எடுங்கோ” என்று தாராவிப் பக்கம் கையைக் காட்டினார். அங்கெல்லாம் எடுத்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறோம் என்று நான் சொல்லித் தொலைத்தேன். திறந்திருந்த அந்த நாலு விரல் இடைவெளியும் மூடிக்கொண்டது. டாக்டர் என்னிடம் அன்று முழுக்கப் பேசவில்லை.

தாராவியில் கதவைத் திறந்துவிடுவார்கள், கையைத்தான் நீட்ட மாட்டார்கள். “இதுல இருக்குன்னு வந்தா எங்கள செண்டருக்குக் கூட்டிட்டுப் போயிருவியளா?” என்பதுதான் முதல் கேள்வி. பலபேரை அப்படித் தனிமை முகாமுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதை அவர்கள் பார்த்திருந்தார்கள். இது வந்து போனதைப் பார்க்கிற டெஸ்ட், இப்போது இருப்பதைப் பார்க்கிறதில்லை, யாரையும் எங்கேயும் கூட்டிப் போக மாட்டோம் என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்வேன். என் திருநெல்வேலிப் பேச்சைக் கேட்டதும் பாதி இறங்கி வருவார்கள். “நம்ம புள்ளதான், நீட்டுடே” என்று பக்கத்து வீட்டிலிருந்து யாராவது சிபாரிசு செய்வார்கள்.

இனி என் கதையைச் சொல்ல வேண்டும். அந்த வேனிற்காலத்தில் எங்கள் அம்மா இந்த நோயில் போய்விட்டாள். தாராவியில் என் தம்பியோடு இருந்தாள். தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்ப்பது தம்பியின் வேலை. ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாட்களிலும் அவனை நாலு பேர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், தண்ணீர் வராமல் எப்படி இருப்பது? அவனும் போனான். நான் பரிசோதனைக் கூடத்தின் பாஸைக் காட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய் அம்மாவைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டு வந்தேன். அதற்கு அடுத்த வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதற்குள் செம்பூரில் எங்கள் கட்டிடத்துக்குச் சீல் வைத்துவிட்டார்கள், என்னால் கீழே இறங்க முடியவில்லை. சுடுகாட்டில் தம்பி மட்டும் தூரத்தில் நின்று பார்த்தான். பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துப் போன அந்த மூட்டை அம்மாதானா என்று அவனுக்கும் நிச்சயமாகத் தெரியாது.

அதற்குப் பிறகு போன் செய்து துக்கம் கேட்ட எல்லாரிடமும் அவன் ஒரே வார்த்தையைச் சொன்னான். “நாந்தான் கொண்டாந்து குடுத்தேன்.” ஊரிலிருந்து பேசிய சித்தியிடம் சொன்னான். எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னான். என்னிடமும் சொன்னான். யார் மோட்டாருக்குக் கூப்பிட்டாலும் போவதில்லை. டெஸ்ட் எடுத்துப் பாரு, ஒருவேளை உனக்கு வரவே இல்லையோ என்னவோ என்று நான் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். வேண்டாம் என்றுவிட்டான். நான் போனில் பேசினால் உம் கொட்டுவான். பிறகு அந்த உம்மும் நின்றுபோனது.

வீடு வீடாகப் போவதற்கு முன்னால் எங்கள் குழுவில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு இருந்தது. எனக்கு நோய் வந்து போயிருக்கிறது. டாக்டர் கட்டை விரலை உயர்த்திக் காட்டி, “இப்போதைக்கு நீ கொஞ்சம் தைரியமாக இருக்கலாம்” என்று சிரித்தார். கூட இருந்தவர்கள் இனிமேல் எல்லாக் கதவையும் இவளே தட்டட்டும் என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். அம்மாவைப் பார்த்துவிட்டு வந்த அந்த வாரத்தில் எனக்கு இரண்டு நாள் உடம்பு வலி இருந்தது. பரிசோதனைக் கூடத்தில் போடும் பிளாஸ்டிக் அங்கிக்குள் நாள் முழுக்க வெந்தால் உடம்பு வலிக்காமல் என்ன செய்யும் என்று அப்போது விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “எப்போ வந்ததுன்னு இதுல தெரியாதுல்ல? அப்புறம் எதுக்கு நோண்டிட்டே இருக்கே. தம்பிகிட்டப் போயி சொல்லி வைக்காதே” என்றார். நல்ல மனிதர். அவர் சொன்னது எனக்கு வசதியாகவும் இருந்தது. தம்பி நாந்தான் நாந்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை யாரும் என் பக்கம் திரும்பப் போவதில்லை.

மூன்றாவது வாரம் எங்களுக்கு வந்த ஆரம்ப இடம், தம்பி குடியிருந்த சந்தின் முனை.

மழை விட்டிருந்தது. சந்தில் ஒரு முழ அகலத்துக்குத்தான் வெளிச்சம் இறங்கும். நான் முன்னால் போய் வாசல் வாசலாக எண்ணிச் சொல்ல, டாக்டர் பின்னால் வந்து அட்டையில் குறித்துக்கொண்டே வந்தார். அந்தச் சந்தைக் கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன். அதனால் நாலாவது வாசலிலேயே எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. வழியில் ஓர் இரும்பு ஏணி வரும். மேலே பெல்ட் பக்கிள் போடும் பட்டறை, அதில் இரண்டு பேர் வேலை செய்து, அங்கேயே சமைத்து, அங்கேயே படுப்பார்கள். அதை வீடு என்று எண்ணினால் எட்டாவது வாசல், தம்பிக்கு முந்தின வீடு. பட்டறை என்று விட்டுவிட்டால் எட்டாவது வாசல் தம்பியுடையது.

ஏணியடியில் டாக்டர் நின்று, “மேலே?” என்று கேட்டார்.

மேலே ஸ்டவ் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. “பட்டறை” என்றேன்.

அவர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. என் வார்த்தைதானே அங்கே அளவுகோல். அட்டையில் ஒன்றும் குறிக்காமல் ஏணியைத் தாண்டி நடந்தார். அவனுக்காகத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சர்வேக்காரர்கள் வாசலில் வந்து நின்றால் மாட்டேன் என்று சொல்ல மாட்டான். இல்லை என்று வந்துவிட்டால் அவன் நெஞ்சில் இருக்கும் கல் இறங்கிவிடும். ஒரு சின்னப் பொய்தானே.

கதவைத் தட்டினேன். அங்கி, தொப்பி, முகக்கவசம், அதற்கும் மேலே ஒரு கண்ணாடித் திரை. யாரோ ஒரு நர்ஸ் என்றுதான் நினைப்பான் என்று நான் நினைத்திருந்தேன். கதவைத் திறந்தவன், “வாக்கா” என்றான்.

“எப்பிடிலே கண்டுபிடிச்ச?”

“சந்துல வரும்போதே பாத்தேன். வாத்து நடக்க மாதிரி ஒருத்தி வந்தா வேற யாரு?”

சந்தில் எல்லாரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அதனால் டாக்டருக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லாததால் சீட்டுக் குலுக்கவும் தேவைப்படவில்லை. சம்மதத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் வாசலில் நின்றார். நான் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். தம்பி எதிரே உட்கார்ந்து சட்டையைச் சுருட்டினான். கை பாதியாகியிருந்தது. ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு முழங்கை மடிப்பில் விரல் வைத்தேன். அம்மா போன பிறகு அவனை நான் தொடுவது அதுதான் முதல் தடவை. அதுவும் கையுறைக்கு மேலாக. சின்ன வயதில் ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்று அழுகிறவனை இதே கையைப் பிடித்துத்தான் இழுத்துக்கொண்டு போவேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. திரைக்குள் கையைவிட்டுத் துடைக்க முடியாது, துடைக்கவும் கூடாது. கண்ணீர் வழிந்து முகக்கவசத்துக்குள் போனது. நரம்பு மட்டும் விரலுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரே குத்தில் எடுத்தேன்.

“வலிக்கல” என்றான்.

ட்யூபில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் மனசு எனக்குள் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்று எனக்கே கேட்டது. இருக்கட்டும், இவனுக்கும் இருக்கட்டும் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. இவனுக்கு இல்லை என்று வந்தால் இவன் தப்பித்துவிடுவான், பிறகு அம்மாவுக்குக் கொடுத்தது நான்தான் என்றாகிவிடும். இவனுக்கும் இருந்தால் யாரென்று யாராலும் சொல்ல முடியாது. தம்பியைக் காப்பாற்ற வந்தவள் என்று ஏணியடியில் எனக்கு நானே கொடுத்துக்கொண்ட பட்டத்தின் லட்சணம் இது. எனக்கு என்மேல் அப்படி ஒரு அருவருப்பு வந்தது. பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

சந்தைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்ததும் டாக்டரிடம் சொன்னேன். ஏணிக்கு மேலே இரண்டு பேர் குடியிருக்கிறார்கள், நாம் தட்டியது எட்டாவது வாசல் இல்லை, அவன் என் தம்பி, அம்மா இறந்தது இப்படி, எனக்கு இருப்பது அவனுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். எந்த வரிசையில் சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. இந்தி கொஞ்சம், மராட்டி கொஞ்சம், இடையில் தமிழும் வந்திருக்கும்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். முகக்கவசத்துக்குமேல் தெரிந்த கண்களில் கோபம் இருந்தது. “வேறு எந்தச் சந்திலாவது இப்படிச் செய்தாயா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “சத்தியமாக?” “அம்மா மேல் சத்தியமாக” என்றேன். என்னையும் கூட்டிக்கொண்டு திரும்ப நடந்தார். ஏணியடியிலிருந்து மறுபடி எண்ணி, சரியான எட்டாவது வாசலைத் தட்டினோம். அந்த வீட்டில் குலுக்கியதில் மருமகள் பெயர் வந்தது. அவளிடம் டாக்டரே ரத்தம் எடுத்தார். இரண்டு தடவை குத்தினார், நான் வாயைத் திறக்கவில்லை.

தம்பியின் ட்யூபைக் கையில் எடுத்து, அதில் ஒட்டியிருந்த நம்பரைக் கிழித்தார். “இது சர்வே கணக்கில் வராது. ஆனால் அந்த மனுஷன் நம்மை நம்பிக் கொடுத்த ரத்தம், கீழே கொட்ட வேண்டாம். தனியாகப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்” என்றார். பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில், “நீ தேடுவது இதில் கிடைக்காதே. வந்ததா இல்லையா என்று இது சொல்லும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாது. ஆயிரம் பேரைப் பற்றி ஏதோ சொல்லும். இரண்டு பேருக்கு நடுவில் நடந்ததைச் சொல்லாது” என்றார்.

மேலிடத்தில் என்னைப் பற்றி அவர் எழுதிக் கொடுத்தாரா என்று தெரியாது. அடுத்த நாளிலிருந்து வாசல் எண்ணுவதை அவரே பார்த்துக்கொண்டார். ஒவ்வோர் ஏணியிலும் அந்த அங்கியோடு ஏறிப் போய், உள்ளே தலையை நீட்டி, ஸ்டவ் இருக்கிறதா என்று பார்த்தார். எண்ணிக்கை முடிந்து அறிக்கை வந்தபோது, நாங்கள் யாரும் நினைத்ததைவிட மிக அதிகம் பேருக்கு, தெரியாமலேயே வந்து போயிருந்தது. பேப்பரில் பெரிதாகப் போட்டார்கள். அந்தக் கணக்கில் தம்பி இல்லை. அம்மாவும் இல்லை, உயிரோடு இருக்கிறவர்களுடைய வாசலைத்தான் தட்டியிருந்தோம்.

தம்பியின் ரிசல்ட்டை டாக்டர் ஒரு துண்டுத் தாளில் எழுதி மடித்துக் கொடுத்தார். அவனுக்கும் இருந்தது. நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்திருந்தது. எனக்கு அதில் ஒரு துளி நிம்மதியும் கிடைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரரிடம் போகிறேன் என்று மட்டும் சொன்னேன், எதற்கு என்று சொல்லவில்லை. தம்பி தரையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, எரிந்துபோன செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக உருவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். தாளை எடுத்துக் கொடுத்தேன். அவன் பிரிக்கவே இல்லை.

“வந்து போயிருக்குலே” என்றேன்.

“சரி.”

“சரின்னா?”

“நாந்தான் மொதல்லயே சொன்னேம்லா. இப்ப மிஷினும் சொல்லிட்டு.”

சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பிப் போய்விடலாம் என்று அந்த நிமிஷத்திலும் தோன்றியது. கதவு திறந்துதான் இருந்தது. “எனக்கும் வந்து போயிருக்குலே. சர்வே ஆரம்பிக்கும்போதே தெரியும். நீ நாந்தான் நாந்தான்னு சொல்லிட்டுக் கெடக்க, நான் கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தேன். எனக்கு அது சௌகரியமா இருந்துச்சு. உனக்கும் இருக்கணும்னு வேண்டிக்கிட்டேம்லே, ரத்தம் எடுக்கும்போது” என்று சொல்லி முடித்தேன்.

அவன் கம்பி உருவுவதை நிறுத்தவில்லை. “தெரியும்க்கா” என்றான்.

“என்ன தெரியும்?”

“ஒனக்கு வந்தது தெரியும்.”

எனக்குப் புரியவில்லை. டாக்டர் சொல்லியிருப்பாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவன் கட்டிங் பிளையரைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்தே சொன்னான்.

“அம்மா ஆஸ்பத்திரியில இருந்து நாலாம் நாளு போன் போட்டா. ‘ஏலே, அன்னைக்கி அக்கா வந்தப்ப கருவாடு பொரிச்சேம்லா. எப்பவும் சந்துமுனையிலயே மோப்பம் புடிச்சிட்டு வருவா. அன்னைக்கி ஒண்ணும் சொல்லல. தட்டுல வச்சதையும் சும்மா தின்னுட்டுப் போயிட்டா. இப்ப எனக்கும் ஒரு வாசனையும் தெரிய மாட்டேங்குலே. மொதல்ல அவளுக்குத்தான் வந்திருக்கு. அவ நல்லா இருக்காளான்னு மட்டும் கேட்டுச் சொல்லு. இத அவகிட்ட சொல்லிராத. ஊசி புடிக்கிற புள்ள, கை நடுங்கிட்டுன்னா அவ பொழப்பு என்னாவும்’ அப்படின்னா.”

அவன் பிளையரை மறுபடி கையில் எடுத்தான்.

“அப்புறம் அவ போயிட்டா. சனம் எல்லாம் யாரு கொண்டாந்தா, எப்பிடி வந்துச்சுன்னு கேட்டுக்கிட்டே கெடந்துச்சு. நாந்தான்னு சொல்லிட்டா அதுக்கு மேல எவனும் தேட மாட்டாம்லா. அதான் முந்திக்கிட்டேன்.”

“அப்ப நீ வேலைக்குப் போகாம, பேசாமக் கெடந்தது?”

“அது குத்தம் செஞ்சவன் மாதிரின்னு நீ நெனச்சியா?” அவனுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது, உடனே உதடு கோணியது. “அம்மா இல்லாம எனக்கு இருக்க முடியலக்கா. அவ்வளவுதான். எனக்கு எப்ப வந்துச்சோ, ஒனக்கு எப்ப வந்துச்சோ. எவன் கொண்டாந்தா என்ன இப்ப?”

அவன் தோளில் தலையை வைத்து அழுதேன். அங்கி இல்லை, கையுறை இல்லை, திரை இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்குத் தட்டிக் கொடுப்பதுபோல அவன் என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தான். கை முழுக்க மோட்டார் கிரீஸ்.

அழுகை அடங்கின பிறகுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா என்னிடமும் பேசியிருந்தாள், சாவதற்கு முந்தின நாள் சாயங்காலம். யாரோ ஒரு நர்ஸ் போனைக் காதில் வைத்துக்கொடுத்தார். பின்னால் ஏதோ மிஷின் சத்தம், நடுவில் மூச்சு வாங்குகிற சத்தம். சாப்பிட்டியா, பிள்ளைகள் எப்படி என்று ஒன்றுமே கேட்கவில்லை. “ஒனக்கு இப்ப வாசம் தெரியுதாட்டி?” என்றுதான் கேட்டாள். மருந்து மயக்கத்தில் என்னவோ கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, “தெரியுதும்மா, எல்லாம் நல்லாத் தெரியுது” என்றேன். “அப்பச் சரி” என்றாள் அம்மா. அதோடு போனை எடுத்துவிட்டார்கள்.